கூலிக்கு ஆடலாமா?



மலாயாவின் தோட்டங்களை வெள்ளைக்காரத் துரைமார் நிர்வகித்த காலத்தில், அவர்கள் மாலையில் கூடும் கிளப்புகளில் டென்னிஸ் திடல் இருப்பது வழக்கம். குளுவாங், சிகாமட், கூலாய் பக்கத்துச் செம்மண் பாதைகளில் நடந்து பழகிய நம் குடும்பங்களுக்கு அது துரைமார் ஆட்டம். நமக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தின் வரலாற்றில் ஓர் அத்தியாயம் நமக்கு மிகவும் நெருக்கமானது. ஏனென்றால் அது கூலியைப் பற்றியது. உழைப்புக்குக் கூலி வாங்குவது இழிவா, ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்கு ஒரு கூலியும் என்பது நியாயமா என்ற இரண்டு கேள்விகளும் 1968ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு டென்னிஸ் திடலில் ஒன்றாக வந்து நின்றன. அந்தக் கதையைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு பழைய விதியைத் தெரிந்துகொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பணத்துக்காக விளையாடாதவனே கண்ணியவான் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது. அப்படிப்பட்டவரை அமெச்சூர் என்றார்கள். பணம் பெற்று ஆடுபவர் தொழில்முறை ஆட்டக்காரர். ஹென்லி என்ற ஊரின் புகழ்பெற்ற படகுப் போட்டி 1879இல் வகுத்த விதி இன்னும் ஒரு படி மேலே போனது. கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரும் தொழிலாளியும் அமெச்சூர் ஆகமாட்டார்கள் என்று அது எழுதி வைத்தது. படகு ஓட்டப் பணம் வாங்காவிட்டாலும், பிழைப்புக்காக உடலுழைப்புச் செய்தாலே போதும், அவருக்கு இடமில்லை. இந்த விதி 1937 வரை நீடித்தது.

டென்னிஸில் இவ்வளவு வெளிப்படையான விதி இல்லை. ஆனால் விளைவு ஏறக்குறைய அதுவே. 1877இல் தொடங்கிய விம்பிள்டன் போட்டியிலும் மற்றப் பெரிய போட்டிகளிலும் அமெச்சூர்கள் மட்டுமே ஆடலாம். பரம்பரைச் சொத்து உள்ளவருக்கு இது கஷ்டமில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்? வழிச்செலவு என்ற பெயரில் போட்டி நடத்துவோர் மறைவாகத் தரும் பணத்தை வாங்கிக்கொண்டு வாய்மூடி இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளிப்படையாகத் தொழில்முறைக்குப் போய், பெரிய போட்டிகளின் வாசலை மறந்துவிட வேண்டும்.

அப்படிப் போனவர்களில் மூவரைச் சொல்லலாம். ஒருவர் பாஞ்சோ கொன்சாலஸ். அமெரிக்காவில் குடியேறிய மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளை. 1949இல் தொழில்முறைக்குப் போனார். இரண்டாமவர் ஆஸ்திரேலியாவின் கென் ரோஸ்வால், சிட்னி நகரில் மளிகைக் கடைக்காரரின் மகன், 1957இல் போனார். மூன்றாமவர் ராட் லேவர். 1962இல் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றுவிட்டு, அடுத்த ஆண்டு தொழில்முறைக்கு மாறினார். உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் என்று பெயர் எடுத்த இவர்கள் ஊர் ஊராகச் சென்று, கிடைத்த அரங்குகளில் ஆடிப் பிழைத்தார்கள்.

நம்மவர் ஒருவரும் இந்தக் கதையில் உண்டு. அவர் ராமநாதன் கிருஷ்ணன். 1937இல் நாகர்கோவிலில் பிறந்தவர், தென்காசிக் குடும்பத்தவர். தந்தையிடமே ஆட்டம் கற்றார். 1954இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் ஆனார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்றார். தொழில்முறைக்கு வந்தால் மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாக ஜாக் கிரேமர் என்ற அமெரிக்கர் அவரை அழைத்தார். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். ஒப்புக்கொண்டிருந்தால், நாடுகளுக்கு இடையே நடக்கும் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடியிருக்க முடியாது. 1966இல் இந்தியாவை முதன்முறையாக அக்கோப்பையின் இறுதிச் சுற்றுக்குக் கொண்டுசென்றவர்களில் அவரே முதன்மையானவர். பிழைப்பா, நாடா என்று ஒரு மனிதனைத் தேர்ந்தெடுக்க வைத்த விதி எவ்வளவு கொடியது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைசியில் பொய் தாங்காமல் உடைந்தது. மறைவாகப் பணம் கைமாறுவதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். 1967 டிசம்பரில் பிரிட்டிஷ் டென்னிஸ் சங்கம் அமெச்சூர், தொழில்முறை என்ற வேற்றுமையை நீக்க முடிவு செய்தது. 1968 மார்ச் 30 அன்று பாரிஸில் கூடிய உலக டென்னிஸ் சம்மேளனம், இருவகையாரும் சேர்ந்து ஆடும் திறந்த போட்டிகளுக்கு அனுமதி தந்தது.

முதல் திறந்த போட்டி, ஏப்ரல் 22 அன்று இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ன்மவுத் நகரில் தொடங்கியது. ஆண்கள், பெண்கள் இருவருக்கும் உரிய போட்டி அது. அதன் பெயர் பிரிட்டிஷ் கெட்டித்தரைப் போட்டி. புல்தரை அல்லாத எதையும் கெட்டித்தரை என்று சொல்வது அங்கே வழக்கம். உண்மையில் அது களிமண் திடல் வகையைச் சேர்ந்ததுதான். களிமண் என்றால் வயல் களிமண் அல்ல. கல்லையோ செங்கல்லையோ பொடியாக்கிப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளையால் அழுத்தி அமைப்பார்கள். புல்தரையில் பந்து தாழ்வாக வழுக்கி ஓடும். இத்தகைய திடலில் அது வேகம் குறைந்து, உயர எழும்பும். எதிராளிக்கு ஓடிப் பிடிக்க நேரம் கிடைக்கும். ஆகவே ஒரே அடியில் புள்ளி எடுப்பது கடினம். பொறுமையும் மூச்சும் உள்ளவருக்கே அந்தத் தரை கைகொடுக்கும்.

தொழில்முறைக்காரர்கள் அமெச்சூர்களை ஊதித் தள்ளுவார்கள் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் மார்க் காக்ஸ் என்ற 24 வயதுப் பிரிட்டிஷ் அமெச்சூர், 39 வயதான கொன்சாலஸை ஐந்து செட்டுகளில் வென்றார். அடுத்துப் புகழ்பெற்ற ராய் எமர்சனையும் வென்றார். அரையிறுதியில் லேவர்தான் அவரை நிறுத்தினார். இறுதி ஆட்டத்தில் முதல் செட்டை இழந்த ரோஸ்வால், அடுத்த மூன்றையும் எடுத்து லேவரைத் தோற்கடித்தார். பரிசு 1,000 பவுண்டு. அதை அவர் ஊரறிய வாங்கினார். அதனால் ஆட்டத்தின் மானம் ஒன்றும் போய்விடவில்லை.

இனிப் பெண்கள் பக்கம் வருவோம். வென்றவர் வர்ஜீனியா வேட் என்ற பிரிட்டிஷ் வீராங்கனை. பெண்களுக்கான முதல் பரிசு 300 பவுண்டு. அதாவது ஆண் பெறுவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவர் அப்போது அமெச்சூராக இருந்ததால் அந்த 300 பவுண்டையும் வாங்கவில்லை. அதே ஆண்டு விம்பிள்டனில் வென்ற லேவருக்கு 2,000 பவுண்டு. பில்லி ஜீன் கிங் அம்மையாருக்கு 750 பவுண்டு. கூலி வாங்கலாம் என்று கதவு திறந்தது உண்மை. ஆனால் பெண்ணுக்கு அது பாதிதான் திறந்தது.

ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள், பெண்கள் மூன்றே ஆடுகிறார்கள் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். மணிக்கணக்கில் பார்த்தால் அது வாதம்தான். ஆனால் மக்கள் பணம் கொடுத்துப் பார்க்க வருவது கடிகாரத்தை அல்லவே! 1970இல் ஒன்பது பெண்கள், பில்லி ஜீன் கிங் உட்பட, ஆளுக்கு ஒரு டாலர் அடையாள ஒப்பந்தம் எழுதிக்கொண்டு ஹியூஸ்டன் நகரில் தங்களுக்கென்று தனிப் போட்டி ஆடினார்கள். தடை வரும் என்ற அச்சுறுத்தலுக்கு அவர்கள் பணியவில்லை. 1973இல் அமெரிக்கப் பெரும்போட்டி இருபாலாருக்கும் சமப் பரிசு அளித்தது. களிமண் திடலில் நடக்கும் பிரெஞ்சுப் போட்டியும் விம்பிள்டனும் அந்த நிலைக்கு முழுமையாக வந்தது 2007இல்தான். போர்ன்மவுத்திலிருந்து கணக்கிட்டால் 39 ஆண்டுகள்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. 1920களின் கடைசியில் மலாயாவின் சில வட்டாரங்களில் இந்தியத் தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் பிரட்டுக்களத்தில் இருவரும்தான் நின்றார்கள். ரப்பர் மரமோ, வெட்டுவது ஆண் கையா பெண் கையா என்று பார்த்துப் பால் சுரப்பதில்லை. அப்படியிருந்தும் அந்தப் பத்துக் காசு வித்தியாசத்தைச் சட்டம்போல் எழுதி வைத்தார்கள். நம் பாட்டிமார் அந்த 40 காசில்தான் குடும்பத்தைக் காத்தார்கள்.

ஆகவே நேயர்களே, கூலிக்கு உழைப்பவன் தாழ்ந்தவன் என்று சொன்னவர்கள், கூலி வாங்கத் தேவையில்லாத நிலையில் இருந்தவர்களே. பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்தால் போதும் என்று சொன்னவர்கள், கொடுக்கும் இடத்தில் இருந்தவர்களே. இரண்டு எண்ணங்களும் தாமாக மாறவில்லை. சிலர் எழுந்து நின்று கேட்டதால் மாறின. நம் வீட்டுப் பிள்ளை பந்தாட்டத்திலோ ஓட்டத்திலோ திறமை காட்டினால், அது பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாமல், உழைப்பு என்று மதிப்போம். அது மகளாக இருந்தால், மகனுக்கு வாங்கித் தரும் அதே காலணியை அவளுக்கும் வாங்கித் தருவோம். சமக் கூலி வீட்டிலிருந்தே தொடங்கட்டும்.