தடைச் சட்டமும் பராமரிப்பும்: பிரித்தானியாவில் ஒரு மருத்துவப் பணியின் வரலாறு

மருத்துவக் காரணம் எதுவுமின்றிப் பெண்ணின் புறப் பிறப்புறுப்பைப் பகுதியாகவோ முழுமையாகவோ வெட்டி அகற்றும் வழக்கம் பெண் உறுப்புச் சிதைப்பு எனப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள நான்கு வகைகளுள் மூன்றாவது மிகக் கடுமையானது. இதில் உறுப்பின் இதழ்கள் வெட்டப்பட்டு ஒன்றோடொன்று சேர்த்து மூடப்படுவதால், சிறுநீரும் மாதவிடாய்க் குருதியும் வெளியேற ஒரு சிறு துளையே எஞ்சுகிறது. சோமாலியாவிலும் சூடானிலும் பரவலாக நிலவிய இக்கொடுமைக்கு எதிராக, கானாவில் பிறந்த எஃபுவா டோர்கெனூ 1983இல் லண்டனில் ஃபார்வர்ட் என்னும் அமைப்பை நிறுவினார். 1985இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இவ்வழக்கத்தைத் தடைசெய்தது. ஆயினும் அச்சட்டம் வெட்டுவோரைத் தண்டிக்க வழிசெய்ததே அன்றி, ஏற்கெனவே வெட்டப்பட்ட பெண்களின் மருத்துவத் தேவைகளைக் கருதவில்லை.

1991இல் சியாத் பாரே ஆட்சி வீழ்ந்து உள்நாட்டுப் போர் தீவிரமடைந்தபோது, சோமாலியர் பலர் பிரித்தானியாவில் தஞ்சம் புகுந்தனர். அவர்களுள் கருவுற்ற பெண்களின் நிலை பிரசவ அறையில்தான் முதன்முறையாகத் தெரியவந்ததும், பயிற்சியற்ற ஊழியர்களின் முகத்தில் தோன்றிய அதிர்ச்சி அப்பெண்களைக் கூனிக்குறுக வைத்ததும் பின்னாளில் அவர்கள் அளித்த வாக்குமூலங்களில் மீண்டும் மீண்டும் பதிவாகியுள்ளன.

இக்குறையைப் போக்க 1993இல் வடமேற்கு லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையிலும், 1997இல் மருத்துவச்சி கம்ஃபர்ட் மோமோவின் முயற்சியால் கய்ஸ் மருத்துவமனையிலும் ஆப்பிரிக்கப் பெண்களுக்கான தனிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. இத்தகைய பிரிவுகளில் உறவினரை மொழிபெயர்க்க வைக்காமல் பயிற்சி பெற்ற பெண் மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதும், சிறுநீர் கழிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பது போன்ற எளிய கேள்விகளால் பேச்சைத் தொடங்குவதும் நல்ல நடைமுறைகளாக வளர்ந்தன. பெண்ணின் இசைவு பெற்று, மரத்துப்போக ஊசி போட்டு, மூடியிருக்கும் தழும்பை நடுக்கோட்டில் திறந்து, இரு விளிம்புகளையும் தனித்தனியே தைக்கும் திறப்பு அறுவை அங்கு செய்யப்படும் முக்கியச் சிகிச்சையாகும். பிரசவத்துக்குப் பின் மீண்டும் மூடித் தைக்கச் சட்டம் இடந்தராது என்பதைத் தம்பதியருக்கு முன்கூட்டியே பொறுமையாக விளக்குவதும் சிகிச்சையின் பகுதியே. ஏனெனில் அவ்வுரையாடலே அவர்களுடைய மகள்களின் பாதுகாப்புக்கும் அடித்தளமாகிறது.

2003ஆம் ஆண்டுச் சட்டம் அதிகபட்சத் தண்டனையைப் 14 ஆண்டுச் சிறையாக உயர்த்தி, சிறுமியரை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்று வெட்டுவதையும் குற்றமாக்கியது. 18 வயதுக்குட்பட்டவரிடம் இச்சிதைவைக் கண்டறியும் மருத்துவ ஊழியர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் கடமை 2015இல் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளைக் காக்க இக்கடுமை தேவையே. ஆனால் மருத்துவமனை விசாரணைக் கூடமாகத் தோன்றினால், உதவி தேவைப்படும் பெண்ணே அதன் வாசலை மிதிக்க அஞ்சுவாள். சட்டம் ஒரு வழக்கத்தைத் தடைசெய்யலாம். அதனால் ஏற்பட்ட காயத்தை ஆற்றும் பொறுப்பு, பாதிக்கப்பட்டவளைக் குற்றவாளியாகவோ காட்சிப்பொருளாகவோ நோக்காத மருத்துவத்தையே சார்ந்தது.