திரிகடுகம்

சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்று காரச் சரக்குகளைச் சம எடையில் எடுத்து இடித்துச் சேர்த்த கூட்டு மருந்து திரிகடுகம் அல்லது திரிகடுகு எனப்படும். இங்கே கடுகம் என்பது கார்ப்புச் சுவையைக் குறிக்குமே தவிர, தாளிக்கும் கடுகுக்கு இதில் இடமில்லை. சித்த மருத்துவத்துக்கும் ஆயுர்வேதத்துக்கும் பொதுவான இக்கூட்டு, தனி மருந்தாகத் தரப்படுவதோடு, பல சூரணங்களிலும் லேகியங்களிலும் உட்பொருளாகவும் சேர்கிறது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்று இம்மருந்தின் பெயரையே தாங்கி, வெண்பாதோறும் மும்மூன்று பொருள்களைச் சொல்லிச் செல்வதால், நல்லாதனார் அதை இயற்றிய காலத்திலேயே இம்மருந்து நன்கு அறிமுகமாகியிருந்தது என்று கொள்ளலாம்.

மூன்றனுள் சுக்கு மட்டும் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்னும் காரப்பொருளின் ஒரு பகுதி, நீர்க்கூறை இழந்து ஷோகால் என்னும் இன்னும் உறைப்பான பொருளாக மாறுவதால், சுக்கின் காரம் பச்சை இஞ்சியின் காரத்திலிருந்து வேறுபடுகிறது. மிளகும் திப்பிலியும் ஒரே பேரினத்துக் கொடிகள். மிளகில் உருண்டை மணிகளைப் பயன்படுத்துகிறோம், திப்பிலியில் நுண்ணிய காய்கள் நெருங்கி ஒட்டிய கதிர் முழுவதையும் உலர்த்தி எடுக்கிறோம். கண்டந்திப்பிலி எனக் கடைகளில் விற்பது அக்கொடியின் வேரும் தண்டும் ஆகும். திப்பிலி ஒரு காலத்தில் மிளகைவிட மதிப்பு மிக்கதாக இருந்தது, கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் பிளினி, ஒரு ராத்தல் திப்பிலிக்கு 15 தெனாரியமும் வெண்மிளகுக்கு 7 தெனாரியமும் கருமிளகுக்கு 4 தெனாரியமும் விலையெனக் குறித்துள்ளார்.

சரக்குகளைச் சுத்தி செய்த பிறகே, அதாவது வேண்டாத குணங்களை நீக்கிய பிறகே, மருந்தில் சேர்க்க வேண்டும் என்பது சித்த மருத்துவ விதி. சுக்குக்கு மேல்தோலிலும் கடுக்காய்க்கு உள்விதையிலும் நஞ்சு உண்டு என்று பழமொழியாகவே வழங்கும் கருத்துக்கேற்ப, சுக்கைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து உலர்த்தித் தோலைச் சீவி எடுப்பார்கள். மிளகைப் புளித்த மோரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைப்பார்கள். பின்னர் மூன்றையும் தனித்தனியே இளவறுப்பாக வறுத்து இடித்து, மெல்லிய துணியில் சலித்து எடுக்கும் தூளை, கட்டைவிரலும் வேறிரு விரல்களும் சேர்ந்து எடுக்கும் திரிகடி அளவில் தேனிலோ நெய்யிலோ குழைத்துக் கொடுப்பது வழக்கம். இவ்வாறு மருந்தோடு சேர்த்துத் தரும் தேன் முதலியவற்றுக்கு அனுபானம் என்று பெயர்.

மூன்றும் வெப்பத் தன்மை உடையவை என்பதால் கபத்தை அறுத்து வாதத்தைத் தணிக்கும் எனவும், செரிமானத் தீயைத் தூண்டும் எனவும் மரபு கருதுகிறது. இருமல், சளி, பசியின்மை, வயிற்று மந்தம் ஆகியவற்றுக்கு இது தரப்படுவது இக்கருத்தின் வழியாகவே. வயிற்றெரிச்சல் உள்ளவருக்கும் பித்த உடம்புக்காரருக்கும் இது ஆகாது என்ற எச்சரிக்கையும் அதே மரபில்தான் இருக்கிறது. மசாலாக்களின் பெருமை பேசுவோர் பெரும்பாலும் இப்பகுதியை விட்டுவிடுகிறார்கள். வீட்டுச் சமையலில் சுக்குக் காப்பி, மிளகு ரசம், கண்டந்திப்பிலி ரசம் எனத் தனித்தனியே புழங்கும் இச்சரக்குகள், வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறும் தீபாவளி லேகியத்தில் ஒன்றுகூடுகின்றன.

மிளகு, திப்பிலி இரண்டின் காரத்துக்கும் காரணமான பைப்பரினை 1819இல் டென்மார்க் அறிவியலாளர் ஓர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். ஆயுர்வேதக் கூட்டுகளில் இத்தனை இடங்களில் திரிகடுகம் வருவானேன் என்ற கேள்வியை ஜம்முவிலிருந்த அரசு ஆய்வகத்தின் சி.கே. அடல் 1970களின் இறுதியில் எழுப்பி, மற்ற மருந்துகள் உடலில் சேரும் அளவை இது கூட்டுகிறது என்ற விளக்கத்தை முன்வைத்தார். மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் குடல், கல்லீரல் நொதிகள் சிலவற்றைப் பைப்பரின் தடுப்பதே இதற்குக் காரணம். மஞ்சளிலுள்ள குர்க்குமின் 2 கிராமுடன் 20 மில்லிகிராம் பைப்பரினைக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த குர்க்குமின் சுமார் 20 மடங்கு உயர்ந்ததைப் பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்டனர். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினின் அளவை 450 மில்லிகிராமிலிருந்து 200 மில்லிகிராமாகக் குறைத்து 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்த ரைசோரின் என்னும் கூட்டு மருந்து 2009இல் இந்தியச் சந்தைக்கு வந்தது.

நோய் தீர்க்கும் பயன்களுள் ஓரளவு உறுதியான சான்று சுக்குக்கே உள்ளது. பயணக் குமட்டலுக்கும் கர்ப்பகாலக் குமட்டலுக்கும் அது உதவுவதை உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு மூலிகைத் தொகுப்பு ஏற்கிறது. உடல் எடையைக் கரைக்கும், சர்க்கரை நோயைப் போக்கும் என்பன போன்ற விளம்பரங்களுக்கு அத்தகைய வலு இல்லை.

பைப்பரின் துணைமருந்தாக உதவக் காரணமான அதே பண்பு தீங்காகவும் முடியும். வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் ஆகியவற்றின் இரத்த அளவைப் பைப்பரின் உயர்த்துவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ரசத்தில் தட்டிப்போடும் மிளகு அளவில் மிகச் சிறிது என்பதால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் திரிகடுகச் சூரணத்தையோ பைப்பரின் மாத்திரைகளையோ அன்றாடம் உட்கொள்பவர்கள், வேறு மருந்தும் எடுத்துக்கொண்டால், அதை மருத்துவரிடம் தெரிவித்தே தொடர வேண்டும்.