பழைய பிக்கப்: சுமைதிறனும் இழுதிறனும் (திருகோணமலை)

1980களிலும் 90களிலும் ஜப்பானில் செய்யப்பட்ட டீசல் பிக்கப்கள் திருகோணமலை மாவட்டத்தில் இன்னும் மீனும் ஐஸும் சீமெந்தும் ஏற்றுகின்றன. அவற்றுள் பேர்போனது டொயோட்டா ஹைலக்ஸின் ஐந்தாம் தலைமுறை (1988–1997). 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இலேதான் மீண்டும் திறந்ததால், இப்பழைய வண்டிகளின் ஆயுள் மேலும் நீண்டது.

மொத்த எடை வரம்பிலிருந்து வண்டியின் வெற்றெடையைக் கழித்தால் வருவது சுமைதிறன். வரம்பு 2,600 கிலோ, வெற்றெடை 1,600 கிலோ என்றால் மிச்சம் 1,000 கிலோ. சாரதியும் உதவியாளரும் 150 கிலோ எடுத்துக்கொண்டால், 50 கிலோ சீமெந்துப் பை 17தான் ஏற்றலாம். மீன் ஏற்றுவோருக்குக் கணக்கு இன்னும் இறுக்கமானது. இந்த வெயிலில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். பெட்டிகளின் எடையும் சேர, 850 கிலோவில் மீன் 400 கிலோவைத் தாண்டாது. ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கியை நிரப்பி ஏற்றினால் தண்ணீரே ஒரு தொன். அது இந்த வண்டிக்கு ஆகாது.

சுமை கூடும்போது பின் வில்லில் இன்னொரு பிளேட் போடுவது கராஜ்களில் வழக்கம். வண்டி தாழாது, உண்மைதான். ஆனால் அச்சும் பேரிங்கும் ரயரும் சட்டமும் பழையனவே. இதைவிடப் பெரிய ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. ஹைலக்ஸ் போன்றவற்றில், பின்பக்கம் எவ்வளவு தாழ்கிறது என்பதைப் பார்த்தே பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டும் வால்வு ஒன்று உண்டு. பிளேட் கூடினால் பின்பக்கம் உயர்ந்தே நிற்கும். வால்வு வண்டியை வெறுமையென்று கொள்ளும். பாரம் நிறைந்த நேரத்தில் பின் சக்கரங்கள் போதிய அளவு பிடிக்காது. வால்வை மறுபடி சரிசெய்யாமல் பிளேட் போடவே கூடாது.

இழுதிறன் வேறு கணக்கு. சொந்தப் பிரேக் இல்லாத ட்ரெயிலருக்குப் பல நாடுகளில் 750 கிலோவே உச்சம். ட்ரெயிலரின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அமரும். அதைச் சுமைதிறனிலிருந்து கழிக்க வேண்டும். நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் பைபர் படகை மணலில் இழுப்பதற்கு இந்த எண்கள் பொருந்தா. மணலில் சக்கரம் புதைந்தால் இழுவிசை பன்மடங்கு வேண்டும். முதலில் கிளச் கருகும். அங்கே டிரெக்டரே தகும்.

கடலோர வண்டிக்கு உப்பு இன்னொரு கழித்தல். பின் வில் தாங்கிகள் சட்டத்தோடு சேருமிடத்திலும், சேறு தங்கும் குழிவுகளிலும் துரு உள்ளிருந்தே தின்னும். மேற்பூச்சு அதை மறைக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்து மந்தமான ஓசை கேட்டால், வெல்டிங் முடியும்வரை சுமை ஏற்றக் கூடாது.