பழங்கணினியும் திருத்தும் உரிமையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் போரையும் இடப்பெயர்வையும் பற்றியே பெரிதும் எழுதுகின்றனர். அது இயல்பே. ஆயினும் அந்நாட்களில் மக்கள் தம் பொறிகளை எவ்வாறு இயங்கவைத்தனர் என்பதும் வரலாற்றின் பாற்பட்டதாகும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் பற்றரியும் கிடைத்தற்கரியனவாயின. துவிச்சக்கரவண்டியின் சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர் நம்மவர். பிற இடங்களிற் காட்சிப்பொருளாகிவிட்ட ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் இங்கே மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்கம் குறைந்த அப்பழைய எஞ்சின்கள் அதற்கு இடங்கொடுத்தன. சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். எஞ்சினைத் திறந்து பார்க்கவும் மாற்றியமைக்கவும் எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியிராமையே இம்முயற்சிகளுக்கு அடிப்படையாய் அமைந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டபின் வீட்டுக் கணினிகள் பெருகத் தொடங்கின. அவற்றின் உடலை நம் இளைஞர் விரைவிலேயே திருத்தப் பழகினர். நினைவகத்தையும் மின்வழங்கியையும் மாற்றினர். ஆனால் உள்ளிருந்து இயக்கும் மென்பொருளோ பூட்டப்பட்டிருந்தது. மைக்ரோசொவ்ற் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8உடனும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14உடனும், விண்டோஸ் 10க்கு 2025 ஒக்ரோபர் 14உடனும் பொதுவான ஆதரவை நிறுத்திக்கொண்டது. குறித்த நாளில் எந்தக் கணினியும் பழுதடையவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றமையே நிகழ்ந்தது. விண்டோஸ் 11 ஏறத்தாழ 2018க்கு முந்திய செயலிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. புதியது வாங்குக என்பதே இதன் பொருள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டிய நாட்டில், ஆசிரியர் ஒருவரோ மாணவர் ஒருவரோ இந்த அறிவுரையை எவ்வாறு ஏற்பது? திருட்டுப்பிரதி வட்டுகளே இங்கு நெடுங்காலம் வழங்கின என்பதை மறைத்துப் பயனில்லை. கள்ளத்திறப்பு வைத்திருப்பவன் வீட்டுக்காரனாகிவிடுவதில்லை.

பூட்டை முதலிற் கேள்விக்குட்படுத்தியவர்களுள் றிச்சர்ட் ஸ்ரோல்மன் முக்கியமானவர். 1980ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்து ஆய்வுகூடத்தில் ஓர் அச்சுப்பொறி அடிக்கடி சிக்கிக்கொண்டது. அதன் நிரலைத் தாமே திருத்த விரும்பினார் அவர். நிரலின் மூலம் வேறொரு பல்கலைக்கழகத்தவரிடம் இருந்தது. இரகசியம் காப்பதாக வாக்களித்திருந்த அவர் அதைக் கொடுக்க மறுத்துவிட்டார். 1983 செப்ரெம்பரில் ஸ்ரோல்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லீனஸ் ரோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதுவும் குனூவின் பொது உரிமத்தின்கீழ் வந்தது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். கடலுக்கப்பால் கேரள அரசு தன் பாடசாலைகளின் கணினிக் கல்வியையே இவ்வடிப்படையில் அமைத்துக்கொண்டது.

நம்மிடையே அது பரவத் தயங்குவதற்குப் பாமினி எழுத்துருவும் ஒரு காரணம். ஒருங்குறியில் 1991இலேயே தமிழுக்கு இடமிருந்தது. ஆயினும் விண்டோஸ் 98 வரை அதனைக் காட்டும் வசதி இல்லை. ஆகவே ரோமன் எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை ஏற்றிய பாமினி வேரூன்றியது. 'எம்' இருந்த இடத்தில் அகரம், 'கே' இருந்த இடத்தில் மகரம். அதன் விசையொழுங்கு தட்டச்சுப்பொறி மரபைச் சார்ந்தது. (தமிழ்த் தட்டச்சுப்பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா 1886இல் நம் சுண்டிக்குளியிற் பிறந்தவர்.) வினாத்தாள்களும் மலர்களும் அதிலேயே தட்டச்சாயின. விண்டோஸை விட்டால் இவையெல்லாம் அழிந்துவிடும் என்ற அச்சம் ஆசிரியரிடையே உண்டு. அச்சம் ஆதாரமற்றது. பாமினியை லினக்ஸிலும் நிறுவலாம். அதில் எழுதியவற்றை ஒருங்குறிக்கு மாற்றலாம். இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் விசைப்பலகையும் அங்கே உண்டு.

எனினும் கட்டற்ற மென்பொருளும் எல்லாப் பொறிகளையும் என்றென்றும் தாங்கப்போவதில்லை. 2025 ஓகஸ்ட்டில் வந்த டெபியன் 13, பழைய 32 பிற் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டது. ஆகவே மூலையிற் கிடக்கும் கணினியைப் பழைய இரும்புக்குப் போடுமுன் அதன் செயலியைப் பார்த்தல் வேண்டும். 64 பிற் எனின் டெபியன் 13 போதும். 32 பிற் பென்ரியம் 4 எனின் 2023இல் வந்த டெபியன் 12ஐ நிறுவலாம். நினைவகம் ஒரு கிகாபைற்றே எனின் கனத்த மேசைத்தளங்களை விடுத்து, எல்எக்ஸ்டிஈ போன்ற இலேசானதொன்றைத் தெரிந்துகொள்க.