அரைகுறையாக வெளியாகும் நிகழ்பட விளையாட்டுகள்

சோதனை முடியாமலோ, அறிவித்த அம்சங்கள் சேராமலோ விற்பனைக்கு வந்துவிடும் வீடியோ கேம்கள் இந்த வகையில் அடங்கும். நிரலில் உள்ள பிழைக்கு வழு என்று பெயர். ஆடுபவர்கள் 'பக்' என்பார்கள். படம் உறைந்து நின்றால் 'ஹேங்', விரல் பட்டும் தாமதமாக நகர்ந்தால் 'லேக்', ஆட்டமே மூடிக்கொண்டால் 'கிராஷ்'. வழு இல்லாத மென்பொருள் கிடையாது. வழு இருப்பது தெரிந்தே, குறித்த தேதிக்காக வெளியிட்டு, காசை வாங்கிக்கொண்டு அப்புறம் திருத்துவதுதான் தகராறுக்குக் காரணம்.

விளையாட்டைக் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியில் பதித்து விற்ற காலத்தில் அப்புறம் திருத்த வழியே இல்லை. 1982 இல் அட்டாரி நிறுவனம் கிறிஸ்துமஸ் விற்பனையைக் குறிவைத்து 'ஈ.டி.' படத்தின் விளையாட்டைச் சுமார் ஐந்து வாரத்தில் எழுத வைத்தது. விற்காமல் தேங்கிய கார்ட்ரிட்ஜ்கள் அடுத்த ஆண்டு நியூ மெக்சிகோவில் குப்பைக் கிடங்கொன்றில் புதைக்கப்பட்டன. 2014 இல் தோண்டி எடுத்தார்கள். இணையம் வந்த பிறகு புதைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. அப்டேட் அனுப்பிவிடலாம். அந்த வசதியே அவசரத்துக்குத் துணிவையும் கொடுத்தது.

இந்தியாவில் அதிகம் பேசப்பட்டது 'ஃபௌஜி'. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு, பலர் சேர்ந்து மோதும் பப்ஜி மொபைல் ஆட்டத்தைத் தடை செய்தது. இரண்டு நாள் கழித்து, பெங்களூரு என்கோர் கேம்ஸ் நிறுவனத்தின் ஃபௌஜியை நடிகர் அக்‌ஷய் குமார் அறிவித்தார். நிகர வருமானத்தில் 20 விழுக்காடு, உயிர்நீத்த வீரர்களின் குடும்பங்களுக்கான 'பாரத் கே வீர்' நிதிக்குப் போகும் என்றார்கள். இது பப்ஜிக்குப் போட்டியல்ல என்று நிறுவனம் பிறகு விளக்கியது. தடை வந்த மூன்றாம் நாள் அறிவித்துவிட்டு வேறெப்படி எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்? 2021 குடியரசு நாளில் ஆட்டம் வந்தபோது, கல்வான் பள்ளத்தாக்கில் ஒரு வீரர் எதிரிகளை அடித்துக்கொண்டே முன்னேறும் தனியாள் பகுதி மட்டுமே இருந்தது. துப்பாக்கி இல்லை. இந்திய, சீன வீரர்களின் கல்வான் மோதலே துப்பாக்கி இல்லாமல் நடந்தது என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பலர் சேர்ந்து ஆடும் பகுதிகள் 'விரைவில்' என்ற அறிவிப்போடு பூட்டிக் கிடந்தன. கூகுள் பிளேயில் நான்குக்கு மேல் இருந்த மதிப்பீடு சில நாளிலேயே மூன்றை ஒட்டி இறங்கியது. பப்ஜி ரசிகர்கள் வீம்புக்குப் போட்ட ஒற்றை நட்சத்திரங்களும் அதில் உண்டு. குழுவாக மோதும் பகுதி 2021 ஜூனில்தான் சோதனைப் பதிப்பாக வந்தது.

உலக அளவில் பெரிய வழக்காக ஆனது போலந்தின் சிடி புரொஜெக்ட் நிறுவனம் உருவாக்கிய 'சைபர்பங்க் 2077'. மூன்று முறை தள்ளிப்போய் 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. மூன்றாம் முறை தள்ளிவைத்தபோது உருவாக்குநர்களுக்குக் கொலை மிரட்டல் போனது. தாமதத்துக்கும் திட்டு, அவசரத்துக்கும் திட்டு. விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கணினிப் பதிப்பை மட்டும் கொடுத்தார்கள். ஏறத்தாழ 80 லட்சம் பேர் முன்பணம் கட்டியிருந்தார்கள். பழைய பிளேஸ்டேஷன் 4 இல் ஆடியவர்களுக்குத்தான் உண்மை நிலை தெரிந்தது. ஒரு வாரத்தில், பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. ஆட்டம் அங்கே திரும்பி வர 2021 ஜூன் ஆனது. நிறுவனர்களில் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி காணொளியில் மன்னிப்புக் கேட்டார். ஆடியவர்கள் கண்ட பல கோளாறுகள் சோதனையில் தென்படவில்லை என்பது அவர் சொன்ன விளக்கம். நம்புவது கடினம். அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த வழக்கு 18.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. ஆனால் அந்தப் பணம் பங்கு வாங்கியவர்களுக்குப் போனது, ஆட்டம் வாங்கியவர்களுக்கு அல்ல.

பழி பெரும்பாலும் நிரலாளர் தலையில் விடிகிறது. 2013 இல் வந்த 'ஏலியன்ஸ்: காலனியல் மரீன்ஸ்' ஆட்டத்தில் வேற்றுலக உயிரிகள் பைத்தியம் பிடித்தவை போலத் திரிந்தன. அமைப்புக் கோப்பில் ஒரு சொல்லில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதை சில ஆண்டு கழித்து ஒரு ரசிகர் கண்டுபிடித்தார். எழுத்துப்பிழை யாருக்கும் வரும். அதைப் பிடிக்கப் போதிய நாள் கொடுக்காமல் வெளியீட்டுத் தேதியை முடிவு செய்பவர் மேலாளரும் முதலீட்டாளரும்தான். பொறுப்பு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

இந்த அவசரத்தின் சுமை சிற்றூர் வரை போகிறது. விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய அனுமந்தை போன்ற ஊர்களில் கேம் என்றால் பெரும்பாலும் கைப்பேசிதான். புதிய பிளேஸ்டேஷன் ஆட்டம் ஒன்று நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய் ஆகும்போது வேறு வழியில்லை. விலை குறைந்த கைப்பேசி, நாளுக்கு 1.5 ஜி.பி. ரீசார்ஜ். ஒரு ஜி.பி. அளவில் ஒரு அப்டேட் வந்தால் அன்றைய நெட்டில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். நிறுவனம் செய்த தவறுக்கு ஆடுபவர் ரீசார்ஜில் தண்டம் கட்டுகிறார். மரக்காணத்து உப்பள வெயிலில் சூடேறிய கைப்பேசி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதுவும் லேக்காகவே தெரியும். "உங்கள் போனில்தான் கோளாறு" என்று கைகழுவ நிறுவனத்துக்கு இது வசதி. எந்த அளவு நினைவகம் உள்ள கைப்பேசியில் சோதித்துப் பார்த்தோம் என்பதை நேர்மையாகப் போட்டாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

சட்டம் இதில் பின்தங்கியே இருக்கிறது. தமிழ்நாட்டின் 2022 ஆம் ஆண்டுச் சட்டமும், நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும் முதன்மையாகப் பணம் வைத்து ஆடுவதைப் பற்றியவை. 2004 இல் டாட்டா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், வட்டில் பதித்து விற்கும் மென்பொருளும் சரக்கே என்று தீர்ப்பளித்தது. ஆனால் அது விற்பனை வரி வழக்கு. 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது என்றாலும், விலை கொடுத்து வாங்கியவரே நுகர்வோர். இலவசமாக இறக்கி ஆடுபவர் அந்த வரையறைக்குள் நிற்பது கடினம். ஆட்டத்துக்குள் செலவிடும் யூசி, டைமண்ட் போன்றவற்றுக்குக் காசு கட்டியிருந்தால் பிடி கிடைக்கும். பிரிட்டன் தன் 2015 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே டிஜிட்டல் பொருளுக்கும் தர உறுதியை எழுதிவைத்துவிட்டது.

காசு கட்டி ஏமாந்தவர் கூகுள் பிளேயில் வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் அங்கேயே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். கட்டண ரசீதையும், கோளாறு தெரியும் திரைப்பதிவையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அது பலிக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் இடம் தருவதால், அனுமந்தைக்காரருக்கு விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நிறுவனம் நீட்டும் நிபந்தனைகளையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்ப்பவர் மட்டும் சென்னையிலுள்ள மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.