வெளியிணைப்பு எஞ்சின் பிறந்த கதை

யாழ்ப்பாணத்துக் காரைநகர்க் கரையில் தொழிலுக்குப் போகிற எந்தப் பைபர் படகையும் பாருங்கள். பின்பக்கத்தில் ஓர் எஞ்சின் தொங்கும். மேலே எஞ்சின் தலை, அதிலிருந்து நேரே கீழிறங்கும் தண்டு, அடியில் பற்சக்கரம், அதோடு சுழலும் காற்றாடி. கயிற்றை இழுத்தால் உறுமும். தண்ணீர் வற்றிய இடத்தில் தூக்கிக்கொள்ளலாம். நம் ஆழமில்லாத கடலுக்கு இது பெரிய வசதி. எஞ்சினில் இப்போதிருக்கும் பெயர் பெரும்பாலும் யப்பானியப் பெயர்தான். ஆனால் இந்த வடிவத்தைச் சந்தையில் நிலைநிறுத்தியவர் ஒலே எவின்ரூட் என்ற நோர்வேக்காரர்.

1877இல் நோர்வேயில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோரோடு அமெரிக்காவின் விஸ்கொன்சினுக்குப் போனவர். பதினாறு வயதில் இயந்திரப் பட்டறை வேலை. காதலி பெஸ் ஐஸ்கிறீம் கேட்டாளாம். ஒரு வெயில்நாளில் ஏரியின் குறுக்கே துடுப்பு வலித்துப் போய் வாங்கி வந்தால் அது உருகிக் கிடந்ததாம். அந்தக் கோபத்தில் பிறந்தது எஞ்சின் என்பார்கள். கதை இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் டிற்றொயிற்றில் கமரன் வாட்டர்மன் என்பவர் அதற்குள் இதே மாதிரி எஞ்சின் விற்கத் தொடங்கியிருந்தார். ஆக, முதலில் கண்டுபிடித்தவர் என்ற பட்டத்தை எவின்ரூட்டுக்குக் கொடுக்க முடியாது.

ஒலே செய்ததைப் பார்த்த பெஸ், கோப்பி அரைக்கிற மிசின் மாதிரி இருக்கிறதென்று சிரித்தாளாம். திருத்திச் செய்ததை ஒரு நண்பர் இரவல் வாங்கிப்போய், பத்துப் பேரின் ஓடருடன் திரும்பி வந்தார். 1909இல் மில்வோக்கியில் வியாபாரம் தொடங்கியது. ஒன்றரைக் குதிரைவலு, 62 இறாத்தல் பாரம், விலை 62 டொலர். பட்டறை ஒலேயின் கையில். கணக்கு, கடிதம், விளம்பரம் எல்லாம் பெஸ்ஸின் மேசையில். துடுப்பை எறிந்துவிடுங்கள் என்று பத்திரிகையில் எழுதி விற்றவள் அவள்தான். ஏற்றுமதிக்காரர் ஒருவர் மூலம் எஞ்சின்கள் ஸ்கண்டிநேவிய மீனவரிடமும் போய்ச் சேர்ந்தன.

பெஸ்ஸுக்கு உடம்பு முடியாமற் போனபோது ஒலே தன் பங்கை விற்றுவிட்டு ஒதுங்கினார். பிறகு அலுமினியத்தில் இன்னும் பாரம் குறைந்த எஞ்சினைச் செய்து பழைய கம்பனியிடம் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். 1921இல் அதையே தன் சொந்த வியாபாரமாக்கினார். 1929இல் இரண்டு கம்பனிகளும் ஒன்றாயின, தலைவர் ஒலே. 1934இல் அவர் காலமானார். எவின்ரூட் எஞ்சின் உற்பத்தி 2020இல் நின்றுபோனது.

காரைநகருக்கும் நோர்வேக்கும் உள்ள உறவு வேறு. 1967இல் ஆர்னே ஃபியோர்டொஃப்ட் போன்ற நோர்வே இளைஞர்களின் முயற்சியால் இங்கே சீநோர் என்ற மீன்பிடித் தொழில் நிறுவனம் தொடங்கியது. படகு கட்டினார்கள், மீன் பதப்படுத்தினார்கள்; குருநகரில் வலை பின்னினார்கள். பைபர் படகு கட்டுவதைக் கிட்ட நின்று பார்த்தவருக்குத் தெரியும்: அச்சுக்கு மெழுகு பூசி, கண்ணாடியிழைப் பாயை விரித்து, பிசினை ஊற்றி, உருளையால் காற்றுக்குமிழை ஒவ்வொன்றாய் வெளியேற்றவேண்டும். ஒரு குமிழ் தங்கினாலும் அந்த இடம் பலவீனம். படகின் பாரம் குறைந்தால் சின்ன எஞ்சினே போதும். எண்ணெய்ச் செலவும் குறையும்.

பிறகு யுத்தம். எஞ்சினின் குதிரைவலுவுக்கே கட்டுப்பாடு போட்ட காலம் அது. இங்கே சீநோரின் வேலை நின்றுபோனது. கைப்பழக்கம் உள்ளவர்கள் சிதறிப்போனார்கள்.

காரைநகர்ச் சீநோரை மறுபடி இயக்கவேண்டும் என்று பேசுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சும் பிசினும் காசு கொடுத்தால் வரும். முதலில் பெஸ்ஸைப் போலக் கணக்குப் பார்க்கவும் ஓடர் பிடிக்கவும் தெரிந்த இரண்டு பேரைத் தேடுங்கள். நாடு முழுக்கக் கடை வைத்து நடத்திய ஊர் இது. அவர்களைத் தேடி வெளியே போகவேண்டியதில்லை.