குவாட்டர்பேக் பயிற்சி

அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதல் அணியை நடத்திப் பந்தை எறிபவர் குவாட்டர்பேக். எறியும் கைவலிமை பெரும்பாலும் பிறவியிலேயே வாய்ப்பது. பயிற்சியாளர் திருத்துவது அவருடைய கால்களையும் கண்களையும்தான்.

இதற்கு இலக்கணம் வகுத்தவர் பில் வால்ஷ். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் உதவிப் பயிற்சியாளராகக் குவாட்டர்பேக் கென் ஆண்டர்சனை வளர்த்த அவர், 1979இல் சான் பிரான்சிஸ்கோ ஃபோர்ட்டிநைனர்ஸின் தலைமைப் பயிற்சியாளரானார். அவ்வாண்டுப் புதிய ஆட்டக்காரர் தேர்வில் அந்த அணி 82ஆவதாக எடுத்த குவாட்டர்பேக் ஜோ மொன்டானா. வால்ஷின் பாடம் இதுதான்: மூன்று அடி பின்வாங்கினால் குறும்பந்து, ஐந்து அடியென்றால் இடைத்தூரம். கடைசி அடி ஊன்றியதும் பந்து கையை விட்டுப் போக வேண்டும். முதல் ஆளை எதிரணி மறித்திருந்தால் பார்வை அடுத்தவரிடம் தாவ வேண்டும். ஆட்டத்தின் முதல் 25 நகர்வுகளை வால்ஷ் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார். அவர் காலத்தில் அந்த அணி இறுதிப் போட்டியான சூப்பர் போலை மூன்று முறை வென்றது.

மாறான சான்று, அதே அணி 2005இல் முதல் தேர்வாக எடுத்த குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித். தொடக்க ஆண்டுகளில் அவருக்கு ஆண்டுக்கொரு தாக்குதல் ஒருங்கிணைப்பாளர், ஆண்டுக்கொரு பாடம். முதல் பருவத்தில் புள்ளி ஈட்டித் தந்த டச்டவுன் எறிகை ஒன்றே. எதிரணி பறித்தவை 11. திட்டு முழுவதும் அவருக்கே விழுந்தது. நியாயமாக அது நிர்வாகத்துக்குப் போயிருக்க வேண்டும். 2011இல் ஜிம் ஹார்பா தலைமைப் பயிற்சியாளராக வந்ததும் பறிபோனவை ஐந்தாகக் குறைந்தன; அணி 13 ஆட்டங்களில் வென்றது.

பின்னர் கான்சாஸ் சிட்டி அணியில் பயிற்சியாளர் ஆண்டி ரீடிடம் ஆடினார் ஸ்மித். 2017இல் அவருக்குப் பின்னால் அமர்ந்து கற்ற பேட்ரிக் மஹோம்ஸ், மறு பருவத்தில் 50 டச்டவுன்கள் எறிந்து லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார்.